கார் டிஸ்க்குக்கு வீட்டிலேயே பெயிண்ட்: உப்புக்காற்று ஊரிலிருந்து ஒரு வேலைக்குறிப்பு

பின்பக்க இடது டயரில் மட்டும் காற்று நிற்கவில்லை. இந்த வாரம் அடித்தால் அடுத்த வாரம் அஞ்சாறு பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். ஆணி குத்தவில்லை. வால்வில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் அங்கேயும் ஒன்றுமில்லை. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்து மெல்லச் சுற்றினார். டயரின் ரப்பர் விளிம்பு, டிஸ்க் என்று நாங்கள் சொல்கிற சக்கரத்தின் இரும்பு ரிம்மில் போய் உட்காருகிற இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஒரு சாண் நீளத்துக்கு அது நிற்கவேயில்லை.

"டயர்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, டிஸ்க்குதான் துருப்பிடிச்சுக் கெடக்கு. ரப்பர் எதுல போய் ஒட்டும்?"

தூத்துக்குடியில் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட முடியாது. ஜன்னல் கம்பி, கேட்டு, ஏ.சி.யின் வெளி யூனிட் என்று எதுவும் தப்புவதில்லை. என் கார் உப்பளத்தை ஒட்டின ரோட்டில் தினமும் போய்வருகிற பழைய ஹேட்ச்பேக். 14 அங்குல இரும்பு டிஸ்க், 165/80 டியூப்லெஸ் டயர். மேலே பிளாஸ்டிக் வீல் கப் மாட்டியிருந்ததால் உள்ளே நடந்தது எதுவும் வெளியே தெரியவில்லை. கப்பைக் கழற்றினால் அதன் கிளிப்புகள் கடித்துப் பிடித்திருந்த இடமெல்லாம் வட்டமாகத் துரு, நடுவில் காயாத சேறு. அழகுக்காக மாட்டுகிற அந்தக் கப் உப்புச் சேற்றை ஈரம் போகாமல் பொத்தி வைத்துக்கொள்கிறது. இந்த ஊரில் அது இல்லாமல் இருப்பதே டிஸ்க்குக்கு நல்லது என்பது என் முடிவு.

பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்றதும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பவுடர் கோட்டிங் போட்டுருங்க, ஆயுசுக்கும் கவலையில்லை. யூடியூபில் வீட்டு ஓவனிலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வீடியோவும் அனுப்பினார்.

பவுடர் கோட்டிங்கில் தின்னரே கிடையாது. காய்ந்த பொடிக்குத் துப்பாக்கியின் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் கொடுத்து ஊதுகிறார்கள். எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பில் அந்தப் பொடி போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் வைத்தால் உருகிப் பரவி, 60 முதல் 80 மைக்ரான் கனத்தில் ஒரே தோலாக இறுகிவிடும். பெரும்பாலான பொடிகளுக்கு 180 முதல் 200 டிகிரி வரை, பத்து முதல் இருபது நிமிஷம் வேண்டும். இது ஓவனுக்குள் இருக்கிற காற்றின் சூடு இல்லை. இரும்பே அந்தச் சூட்டுக்கு வரவேண்டும். ஆறேழு கிலோ இரும்பு அந்தச் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், கல் பட்டால் ஏடு ஏடாகப் பெயரும்.

அது போக, 14 அங்குல டிஸ்க்கின் வெளிவிளிம்பை அளந்தால் கிட்டத்தட்ட 39 சென்டிமீட்டர். கேக் சுடுகிற ஓ.டி.ஜி.யில் அது நுழையவே நுழையாது. நுழைந்தாலும் பவுடர் வெந்த ஓவனில் மறுபடி சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது. மூடின அறையில் காற்றில் மிதக்கிற மெல்லிய பொடிக்கு ஒரு பொறி போதும், வெடிக்கும். எண்ணெய் டிரம்மை வெட்டி ஓவன் செய்து இதைச் செய்கிறவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். சைக்கிள் பிராக்கெட்டு, ஸ்டாண்டு என்றால் நானும் ஆசைப்படுவேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிற சக்கரத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

சரி, கடையிலேயே கொடுத்துவிடலாம் என்று கேட்டையும் பீரோவையும் கோட்டிங் போடுகிற இடம் ஒன்றில் விசாரித்தேன். நல்ல மனுஷன், நிறமெல்லாம் எடுத்துக் காட்டினார். "நட்டு உட்காருற இடத்த மறைச்சிட்டு அடிப்பீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எதுக்கு மறைக்கணும்? எல்லாம் ஒரே ஃபினிஷா வந்துரும்லா" என்றார். அவர் செய்கிற வேலைக்கு அது சரிதான். கேட்டுக்கு நட்டு முறுக்குவதில்லை. சக்கரத்தில் நட்டின் கூம்பு உட்காருகிற குழியில் கனமான கோட்டிங் இருந்தால், முறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓட அந்தத் தோல் நசுங்கி மெலியும், நட்டு தளரும். டிஸ்க்கின் நடுப்பக்கம் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டுகிற அச்சு முனையோடு, ஒட்டி உட்காருகிற முகத்துக்கும் இதே கதைதான்.

எண்ணெய் போக்க, துரு எடுக்க, இடையிடையே அலச, பாஸ்பேட் பூச என்று வரிசையாக ஏழு தொட்டி வைத்து முறையாகச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. மணல் ஊதிச் சுத்தம் செய்து, மறைக்கவேண்டிய இடத்தை மறைத்தும் தருவார்கள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனாலும் எங்கள் ஊருக்கு எனக்கு இன்னொரு யோசனை இருந்தது. பவுடர் தோலில் ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் உப்புத்தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும். தோல் கெட்டியாக நிற்க, அடியில் துரு நாலா பக்கமும் ஊரும். கையால் அழுத்தினால் பொத்தென்று உள்ளே போகும்வரை வெளியே தெரியாது. அந்த ஒரு இடத்தை மட்டும் மறுபடி பவுடர் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை, மொத்தத்தையும் உரித்துத்தான் ஆகவேண்டும். சாதா பெயிண்ட் அவ்வளவு கெட்டி கிடையாது. ஆனால் பெயர்ந்த இடத்தைத் தேய்த்து, ரெண்டு சொட்டு வைத்து, அன்றைக்கே மூடிவிடலாம். கல் அடிப்பதும் உப்பு படிவதும் நிச்சயம் என்கிற ஊரில் எனக்குக் கெட்டியை விட, திரும்பத் திரும்பப் பழுதுபார்க்க முடிவதுதான் பெரிது.

வேலையை ஸ்டெப்னியிலிருந்து ஆரம்பித்தேன். என் காரில் ஸ்டெப்னியும் அதே அளவு. அதை முதலில் முடித்து, அது காய்ந்ததும் ஒரு சக்கரத்துக்குப் பதிலாக மாட்டி, கழற்றினதை வேலைக்கு எடுப்பது. காரை முட்டுக் கொடுத்து நிறுத்திவைக்க வேண்டாம், ஆபீசுக்கும் போய்வரலாம். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பெயிண்ட் நன்றாக இறுக எப்படியும் ஒரு வாரம் வேண்டும் என்பதால் இந்த மெதுவு தோதாகவே இருந்தது. டயரைக் கழற்றாமல், காற்றை இறக்கி, பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டைபட்டையாக வெட்டி டயருக்கும் விளிம்புக்கும் இடையில் சொருகியும் அடிக்கலாம். முகம் மட்டும் பளிச்சென்று ஆனால் போதும் என்கிறவர்களுக்கு அது ஏகப்பட்ட செலவு மிச்சம். எனக்குக் காற்று ஒழுகுகிற இடமே டயருக்கு அடியில் இருந்ததால் ஒவ்வொன்றையும் கடையில் கொடுத்து டயரைப் பிரிக்கவேண்டியிருந்தது.

பிரித்ததும் முதலில் பார்க்கவேண்டியது விரிசல். நடுத்தட்டும் வெளிவளையமும் வெல்டிங் ஆகிற இடம், காற்றோட்ட ஓட்டைகளின் ஓரம், நட்டு ஓட்டைகளைச் சுற்றி என்று இந்த மூன்று இடங்களிலும் பழைய பட்டறைக்காரர்கள் செய்கிற ஒரு சோதனை உண்டு. மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடவேண்டும். பிறகு பனியன் வேஸ்ட்டால் ஈரம் தெரியாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவவேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைக் கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்த டிஸ்க்கை வெல்டு வைத்தோ பட்டி பார்த்தோ ஓட்டாதீர்கள், பழைய இரும்புக்குப் போடுங்கள். டயர் உட்காருகிற வரப்பில் விரல் நகம் இறங்குகிற அளவு பள்ளம் விழுந்திருந்தாலும் அதே தீர்ப்புதான். என்னுடையவை எல்லாம் தப்பித்தன, மேலாகத்தான் அரித்திருந்தது.

துருவை எடுக்க ஆங்கிள் கிரைண்டரில் கம்பிக் கப் பிரஷ். கண்ணாடி போடாமல் அதைத் தொடக்கூடாது, கம்பி தெறித்து வந்து சட்டையில் குத்தி நிற்கும். கிரைண்டர் நுழையாத மூலைக்குக் கைப்பிரஷ்ஷும் 80 நம்பர் உப்புத்தாளும். கம்பிப் பிரஷ் மட்டும் போட்டால் துரு போனதுபோல மினுங்கும், ஆனால் பாதி இடத்தில் அது துருவையே பாலிஷ் போட்டிருக்கும். அதன்மேல் உப்புத்தாளைத் தேய்த்தால்தான் கறுப்புப் புள்ளிகள் தெரியவரும். அந்தப் புள்ளிகளுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் வைத்தேன். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்துப் போர்த்தி வைத்தாலும் துரு இளகும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் மட்டும் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நிமிஷத்தில் தின்னும்; ஆனால் நாம் எதை விரட்ட நினைக்கிறோமோ அந்தக் குளோரைடையே இரும்பில் விட்டுப்போகும். பக்கத்தில் இருக்கிற ஸ்பேனர் எல்லாம் அதன் புகையிலேயே மறுநாள் செம்பட்டை ஆகிவிடும்.

இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்வதுதான். துரு போன இரும்பு சுத்தமான இரும்பு இல்லை. அரித்த குழிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு உட்கார்ந்திருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மேலே எவ்வளவு விலை பெயிண்ட் அடித்தாலும், அடியில் உப்பும் ஈரமும் இருந்தால் சில மாதத்தில் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம் வரும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தேய்த்த டிஸ்க்கைக் கழுவித் துடைத்து ராத்திரி திறந்த இடத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் மொத்தமும் வெள்ளி நிறத்தில் இருக்க, பழைய குழிகள் இருந்த இடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். எங்கே உப்பு மிச்சமிருக்கிறது என்பதை அந்தப் புள்ளிகளே குறித்துக் கொடுத்துவிட்டன. அந்த இடங்களை நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி ராத்திரி வைத்து, புள்ளி வராமல் போகும்வரை விடவில்லை.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். முதல் கழுவலுக்கு அது போதும். கடைசி அலசலுக்குக் கார்ப்பரேஷன் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர், அதுவும் கொதிக்கக் காய்ச்சியது. கொதித்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு சூடாகி ஈரம் சட்டென்று ஆவியாகும், துருவுக்கு நேரம் கிடைக்காது. கை ஜாக்கிரதை. காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடுவதில்லை.

பிரைமருக்கு கார் பெயிண்ட் கடைக்குப் போகவில்லை, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு பெயிண்ட் விற்கிற கடைக்குப் போனேன். உப்பில் நிற்கிற இரும்புக்கு என்ன அடிப்பது என்பதை அவர்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? கடைக்காரர் எடுத்து வைத்தது எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர்; பிரைமர் ஒரு டப்பா, அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு டப்பா என்று ரெண்டாக வருவது. கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு மலிவுதான். ஆனால் அதன்மேல் கடுமையான தின்னர் உள்ள ஸ்பிரே பெயிண்ட் பட்டால் அடித்தோல் சுருங்கிக்கொண்டு எழும்பிவிடும். எபாக்ஸி அசையாது. டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தில் ஹார்டனரைக் கலந்து, கால்மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்து, பிறகுதான் அடிக்கவேண்டும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், எங்கள் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் கெட்டிப்படும். தின்னரும் எபாக்ஸிக்கான தின்னர்தான், வீட்டில் கிடந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான) தின்னர் ஆகாது. கையுறை கட்டாயம், எபாக்ஸி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும்.

அடிக்கும் முன் மறைப்பு. நட்டு உட்காருகிற கூம்புக் குழிகளுக்கு டேப் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கோலிக்குண்டு போதும். ஒவ்வொரு குழியிலும் ஒரு கோலியை வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், பெயிண்ட் காய்ந்ததும் அடியிலிருந்து ஒரு தட்டு, வெளியே வந்துவிடும். ஓட்டையைச் சுற்றி வட்டம் அளவெடுத்த மாதிரி விழும். ஹப்பில் ஒட்டுகிற பின்முகத்துக்கும் நடு ஓட்டைக்கும் மாஸ்கிங் டேப். இந்த இடங்களில் கம்பெனி போட்ட மெல்லிய பூச்சு நன்றாக இருந்ததால் தேய்க்காமல் அப்படியே விட்டிருந்தேன்.

பிரைமரைப் பிரஷ்ஷால்தான் அடித்தேன். பார்க்கக் கோடு விழும், பரவாயில்லை. நடுத்தட்டும் வளையமும் சேருகிற இடுக்கில் பிரஷ்ஷை அழுத்திச் சொருகினால்தான் உள்ளே இறங்கும். பவுடர் கோட்டிங்கின் பலவீனமும் இதே இடுக்குதான். மின்னேற்றம் பெற்ற பொடி பக்கத்தில் இருக்கிற விளிம்புகளிலேயே ஒட்டிக்கொண்டு ஆழமான மூலைக்குள் போக மறுக்கும். டயர் உட்காருகிற வரப்பில் மட்டும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் 320 நம்பர் வாட்டர் பேப்பரில் மழமழவென்று தேய்த்துவிட்டேன். அங்கே கனமும் கூடாது, கோடும் கூடாது. கோடு இருந்தால் அதுவே காற்று போகிற வாய்க்கால். வால்வு ஓட்டையைச் சுற்றியும் அப்படித்தான்.

மேல்பூச்சுக்கு டப்பா ஸ்பிரேதான். சில்வர், அதன்மேல் நிறமில்லாத கிளியர். இங்கே இரண்டு விஷயம். சக்கரம் சூடாகுமே என்று ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட் தேடுகிறார்கள். சாதாரண ஓட்டத்தில் டிஸ்க் அவ்வளவு சூடாவதில்லை. சைலென்சருக்கான அந்தப் பெயிண்ட் முறையாகச் சூடுகாட்டினால்தான் இறுகும், இல்லாவிட்டால் சாதா பெயிண்டைவிட மெத்தென்று நிற்கும். இரண்டாவது, ஹார்டனர் கலக்கிற 2கே கிளியர். பெட்ரோல் சிந்தினாலும் இளகாத நல்ல சரக்கு அது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அந்த மூடுபனியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், துணி மாஸ்க்கோடு அடிக்கிற பொருள் அல்ல. நான் சாதா கிளியரோடு நிறுத்திக்கொண்டேன்.

அடிக்கிற நேரம் காலை, வெயில் ஏறி இரும்பு காய்ந்த பிறகு, கடல்காற்று கிளம்புவதற்கு முன். மதியத்துக்கு மேல் கொண்டல் வீச ஆரம்பித்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து வரும். ஈரத்தில் அடித்த கிளியர் வெள்ளை பூத்துப்போகும். உச்சி வெயிலும் ஆகாது, பெயிண்ட் இரும்பைத் தொடுமுன்னே காய்ந்து சொரசொரப்பாக விழும். பழைய சுழல்நாற்காலியின் அடிப்பாகத்தில் பலகையைக் கட்டி, அதன்மேல் டிஸ்க்கைப் படுக்க வைத்தேன். கை ஒரே இடத்தில் நிற்க, டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றோட்ட ஓட்டைகளின் ஓரத்தை முதலில் தூவிவிட்டு, பிறகு முகம். ஒரு சாண் தள்ளி நின்று, முதல் சுற்று அடியிலுள்ளது தெரிகிற அளவுக்கு வெறும் தூவல், பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. சில்வரை ஒரே தடவையில் நனைத்தால் அதில் இருக்கிற மினுக்குத் தூள் ஓடித் திட்டாகிவிடும்.

கறுப்பு அடித்திருக்கலாமே என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். கறுப்பு கார் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சில்வரில் ஒரு துருப்பொட்டு வந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், அதற்காகத்தான் சில்வர்.

டயர் மாட்டும்போது கடையில் கூடவே நில்லுங்கள். மெஷினின் இரும்புக் கை உரசுகிற இடத்தில் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லவேண்டும், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவச் சொல்லவேண்டும். வால்வைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், சல்லிசான சாமான். பேலன்சிங்குக்கு விளிம்பில் தட்டி ஏற்றுகிற கிளிப் வெயிட் வேண்டாம் என்று சொல்லி, உள்பக்கம் ஒட்டுகிற வெயிட் போடச் சொன்னேன். கிளிப் கடித்த இடத்தில் பெயிண்ட் அன்றைக்கே போய்விடும்.

நட்டை நேர் எதிரெதிராக, படிப்படியாக முறுக்கவேண்டும். என் காரின் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கடையில் அதை வைத்து முறுக்கச் சொல்லலாம், காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று ஏற்றிவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். நட்டு ஏறுகிற ஸ்டட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது. தடவினால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகும். நடு ஓட்டையின் ஓரத்தில் மட்டும் விரலால் இழுவின கிரீஸ், அடுத்த முறை சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காமல் இருக்க. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் மறுபடி நட்டுகளைச் சரிபார்த்தே தீரவேண்டும்.

ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க இதிலேயே ஓட்டியாயிற்று. காற்று இறங்குவது நின்றுவிட்டது. வெளிவிளிம்பில் அங்கங்கே கல் பட்டு முனை பெயர்ந்திருக்கிறது, ஒரு டிஸ்க்கில் டயர் மெஷின் உரசின கோடு. பெயர்ந்த இடத்தில் எபாக்ஸி சாம்பல் நிறத்தில் தெரிகிறதே தவிர இரும்பு தெரியவில்லை. மழை விட்டதும் அந்த இடங்களை 400 நம்பரில் தேய்த்து, ஸ்பிரே டப்பாவிலிருந்து மூடியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்து, சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தேன்.

அலாய் சக்கரம் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது. லேக்கருக்கு அடியில் வெள்ளையாக, புழு ஊர்ந்த தடம்போல அரிப்பு ஓடும். அதை உரித்தெடுத்து, கழுவி, அலுமினியத்தில் பிடிக்கிற எட்ச் பிரைமரோ எபாக்ஸியோ ஏதாவது ஒன்று போடவேண்டும். எட்ச் மேல் எபாக்ஸி போட்டால் சரியாக ஒட்டாது. பவுடர் கோட்டிங் கொடுப்பதானால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வார்ப்பு அலாய்க்கு அதன் பலமே கம்பெனியில் சுமார் 150 முதல் 170 டிகிரி வரை பல மணி நேரம் பதப்படுத்தினதால் வந்தது. அதைத் தாண்டின சூட்டில் நெடுநேரம் வைத்தாலோ, நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஓவனில் ஏற்றினாலோ அந்தப் பலம் குறையும். வளைந்த அலாயைக் கேஸ் டார்ச்சில் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தி, மேலே பெயிண்டும் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் சக்கரத்தைக் கொடுக்கவே வேண்டாம்.